எடுத்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள்

கேள்வி: எனக்கு 32 வயது, உயரம் 160 செ.மீ. இரண்டு வருடத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பி செய்து இடது சினைப்பையில் இருந்த சாக்லேட் கட்டியை (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) எடுத்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். அன்றிலிருந்து தினமும் டைனோஜெஸ்ட் 2 மி.கி. ஹார்மோன் மாத்திரை போடுகிறேன். மாதவிலக்கு நின்றுவிட்டது, எப்போதாவது திட்டுத்திட்டாகப் படும். வலி குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை. சாயங்காலமானால் வயிறு பலூன் மாதிரி உப்பிவிடுகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து ஐந்து மாதமாகக் கோதுமை, பால், சர்க்கரை, இறைச்சி, முட்டை, சோயா, காப்பி ஏழையும் விட்டுவிட்டேன். மீன் வாசனையே எனக்கு ஆகாது. 10-க்கு 7 என்றிருந்த வலி 5 ஆகியிருக்கிறது. ஆனால் 54 கிலோவாக இருந்தவள் 47-க்கு வந்துவிட்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 9.8. உப்புசமும் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர், உணவாலேயே இதைக் குணப்படுத்த முடியுமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா? இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

(நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்பதையும் இந்த வாசகி எழுதி அனுப்பியிருந்தார்.)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியன். மாத்திரை விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் மகப்பேறு மருத்துவருடையது. இருந்தாலும் மூன்று கேள்விக்கும் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவால் இந்த நோய் குணமாகாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இனிமேல் எதையும் நிறுத்த வேண்டாம்; நிறுத்தியதில் பெரும்பகுதியைத் திரும்பத் தட்டில் வைக்கிற வேலைதான் உங்களுக்கு இருக்கிறது.

உணவு உதவவே உதவாது என்று சொல்ல வரவில்லை. அப்படி நினைத்திருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துப் பார்க்காமல் ஏழு பொருளை ஒரே நாளில் தூக்கி எறிந்ததுதான் உங்கள் சிக்கல்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ இடுப்புக்குழியின் சுவரிலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருந்தால்தான் இந்தத் திசு செழிக்கும். ஆனால் சினைப்பை தரும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் நம்பி அது உட்கார்ந்திருப்பதில்லை. அரோமட்டேஸ் என்கிற நொதியை வைத்துக்கொண்டு தனக்கு வேண்டியதில் கொஞ்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதைச் சுற்றி அழற்சி, வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள், நாள்பட நாள்பட உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் தழும்புகள், புதிதாக முளைக்கும் நரம்பு இழைகள் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். அந்தத் தழும்பை எந்தக் கீரையும் கரைக்காது. சாக்லேட் கட்டியை எந்தச் சாறும் சுருக்காது. ‘ஈஸ்ட்ரோஜன் டீடாக்ஸ்’ என்று பொடி விற்பவர்களைக் கண்டால் தள்ளிப் போய்விடுங்கள்.

சரி, உணவு எங்கேதான் தொடும்? இரண்டு இடத்தில். ஒன்று, உடம்பின் பொதுவான அழற்சி நிலை. இதில் பலன் சிறியது, மெதுவாக வருவது, நிரூபணமும் அரைகுறை. இன்னொன்று, குடல். இங்கே பலன் பெரியது, சில வாரத்திலேயே தெரியும். வீடியோக்கள் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது இரண்டாவதை.

முதலாவதை முடித்துவிட்டு வருகிறேன். அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய ஒரு பெரிய செவிலியர் ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட பெண்களின் 12 ஆண்டு உணவுப் பழக்கத்தை அலசி 2010-இல் வெளியிட்டார்கள். மொத்தக் கொழுப்பு எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது பொருட்டாக இல்லை. எந்தக் கொழுப்பு என்பதுதான் கணக்கில் வந்தது. மீனில் இருக்கும் நீள் சங்கிலி ஒமேகா-3 அதிகம் சாப்பிட்டவர்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவு. டிரான்ஸ் கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 48 சதவீதம் அதிகம். பின்னால் 2018-இல் சிவப்பு இறைச்சியைப் பார்த்தார்கள்: தினம் இரண்டு வேளைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, வாரம் ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ சாப்பிட்டவர்களைவிட 56 சதவீதம் அதிகம்.

இதுவரைக்கும் வீடியோவில் வந்திருக்கும். வராதது இனிமேல்தான். அதே செவிலியர்களில், ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்தது. ‘பால் விஷம்’ என்பவர்கள் இந்த எண்ணை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. அப்புறம், எல்லோரும் புகழும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகைகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதற்காக முட்டைக்கோஸை விட்டுவிடுங்கள் என்று சொல்வேனா? மாட்டேன். இவை நோய் வருவதற்கும் உணவுக்கும் இருக்கும் தொடர்பைச் சொல்பவை. வந்த நோயின் வலியை எது குறைக்கும் என்று சொல்பவை அல்ல. இந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டுத்தான் பாதி வீடியோக்கள் ஓடுகின்றன.

ஐரோப்பிய மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியல் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எண்டோமெட்ரியோசிஸுக்கென்று எந்த ஒரு தனி உணவுமுறையையும் பரிந்துரைக்கவில்லை. நன்மை தீமை இரண்டுக்குமே சான்று போதவில்லை என்பதுதான் காரணம். ஆனால் நோயாளிகளிடம் கேட்டால் கதை வேறு. எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 51 நாடுகளிலிருந்து சுமார் 2,600 பேரிடம் கேட்டு 2025-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், 84 சதவீதம் பேர் உணவை மாற்றிப் பார்த்திருந்தார்கள். அப்படி மாற்றியவர்களில் 67 சதவீதம் பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். நீங்களும் அந்த 67-இல் ஒருவர். உங்கள் 7, 5 ஆனதை நான் நம்புகிறேன்.

ஆனால் எதனால் குறைந்தது? அதுதான் தெரியாது. கோதுமையா, பாலா, காப்பியா, அல்லது மாத்திரை மெதுவாக வேலை செய்ததா? எதிர்பார்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருந்த 69 இளம்பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, வைட்டமின் டி, மீன் எண்ணெய், வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. வைட்டமின் டி குழுவில் வலி நன்றாகவே குறைந்தது. வெற்று மாத்திரைக் குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. எல்லோரும் நம்பிய மீன் எண்ணெய்க் குழுவில் அதில் பாதிதான். வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நிஜமாகவே குறைந்தது. ஆகையால் ‘விட்டேன், குறைந்தது’ என்பதை மட்டும் வைத்து ஆயுசுக்கும் ஏழு உணவைத் தள்ளி வைப்பது சரியில்லை. இந்த ஐந்து மாதத்தில் ஏழு கிலோ போயிருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 47 கிலோ என்றால் பி.எம்.ஐ. 18.4. எடைக் குறைவு என்கிற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டீர்கள்.

இனி நீங்கள் அனுப்பிய ஒரு நாள் சாப்பாட்டுக்கு வருகிறேன். அந்தத் தாளை நான் மூன்று முறை படித்தேன். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன், கூடவே இரண்டு பல் பச்சைப் பூண்டு. எட்டு மணிக்கு இரண்டு ஆப்பிள், ஒரு கைப்பிடி முந்திரி. மதியம் சோறு, நிறையப் பூண்டு வெங்காயம் போட்டு வதக்கிய காலிஃபிளவர். நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் தர்ப்பூசணி. ராத்திரி வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப், மேலே பச்சை வெங்காயம்.

பார்க்கிறவர்கள் ‘எவ்வளவு ஆரோக்கியமான சாப்பாடு’ என்பார்கள். எனக்கோ, சாயங்காலம் வயிறு உப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று தோன்றியது.

சிறுகுடல் சரியாக உறிஞ்ச முடியாத சில வகை மாவுச்சத்துகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005-இல் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஃபாட்மேப் என்று பெயர் வைத்தார்கள். இவை செரிக்காமல் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பெருங்குடலுக்குப் போனதும் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். எல்லோருக்கும்தான் இது நடக்கிறது, பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதே இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்கு இடுப்புக்குழி நரம்புகள் ஏற்கெனவே உசுப்பப்பட்டு நிற்பதால், குடல் கொஞ்சம் விரிந்தாலே அது வலியாகப் பதிவாகும். கருப்பையும் குடலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும் வழிகளையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. எது வலிக்கிறது என்று உடம்பே குழம்பும்.

இப்போது உங்கள் தாளைத் திரும்பப் பாருங்கள். தேன், ஆப்பிள், தர்ப்பூசணியில் ஃபிரக்டோஸ் மிகுதி. பூண்டிலும் வெங்காயத்திலும் முந்திரியிலும் ஃபிரக்டான். காலிஃபிளவரில் மானிட்டால். கொண்டைக்கடலையில் காலக்டோ-ஆலிகோசாக்கரைடு. எல்லாமே ஃபாட்மேப் வகைகள்தான். கோதுமையையும் பாலையும் விட்டபோது ஃபாட்மேப்பில் ஒரு பங்கு குறைந்தது. உங்கள் வலி குறைந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் நீங்கள் கொண்டுவந்து வைத்ததெல்லாம் அதே குடும்பம். முன்வாசல் வழியாக அனுப்பியதைக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில்தான் எண்டோமெட்ரியோசிஸுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. 2025-இல் மோனாஷ் குழுவினர் 35 பெண்களுக்கு 28 நாள் ஃபாட்மேப் குறைந்த சாப்பாடும், இன்னொரு 28 நாள் வழக்கமான ஆரோக்கியச் சாப்பாடும் தாங்களே சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபாட்மேப் குறைந்த சாப்பாட்டில் 60 சதவீதம் பேருக்குக் குடல் தொந்தரவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, மற்றதில் 26 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான். கவனியுங்கள், குறைந்தது குடல் தொந்தரவு. நோயே குறைந்ததாக அவர்கள் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் இணையத்தில் ஃபாட்மேப் பட்டியலைத் தேடிப்போய் அத்தனையையும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு உங்களை இப்போது கொஞ்சம் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். முழுமையான ஃபாட்மேப் கட்டுப்பாடு இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்கு மட்டுமே. அப்புறம் ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் எடை இறங்கி, ரத்தசோகையோடு இருக்கும் ஒருவருக்கு அந்த முழுக் கட்டுப்பாட்டை நான் கொடுக்கவே மாட்டேன். உங்களுக்கு வேண்டியது மாற்றிப்போடுவது மட்டும்.

ஆப்பிள், தர்ப்பூசணிக்குப் பதில் ஆரஞ்சு, அதிகம் கனியாத வாழைப்பழம். முந்திரிக்குப் பதில் வால்நட் அல்லது வேர்க்கடலை. காலிஃபிளவருக்குப் பதில் கேரட், கத்திரிக்காய், வெள்ளரி, கீரை. கொண்டைக்கடலையை ஒரு கப்பிலிருந்து கால் கப்பாக்குங்கள்; நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். பூண்டு வாசனை இல்லாமல் சாப்பிட முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது: முழுப் பல்லை எண்ணெயில் சிவக்க வதக்கி, பல்லை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் சமையுங்கள். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசனை எண்ணெயோடு நிற்கும், தொந்தரவு பல்லோடு போய்விடும். எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். பூண்டு எண்ணெயை வெளியில் நாள்கணக்கில் வைப்பது ஆபத்து. வெங்காயத்துக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. தேனுக்குப் பதில்? சொன்னால் சிரிப்பீர்கள்: ஒரு ஸ்பூன் சர்க்கரை. சாதாரணச் சர்க்கரை ஃபாட்மேப் கணக்கில் வராது. நீங்கள் பயந்து விட்ட ஏழில் இதுவும் ஒன்று.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உங்கள் ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்கு ரத்தசோகை சகஜம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் உங்களுக்கு மாதவிலக்கே இரண்டு வருடமாக வருவதில்லை. மாதாமாதம் ரத்தம் போகவில்லை என்றால் இரும்புச்சத்து எங்கே போகிறது? பழைய பற்றாக்குறை தீராமலே இருக்கலாம். சாப்பாட்டில் வராமல் இருக்கலாம். குடல் உறிஞ்சாமல் இருக்கலாம். குடலிலேயே கசிவு இருக்கலாம். இதை மருத்துவரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இறைச்சி, முட்டை, பால் விட்டாயிற்று, மீனும் கிடையாது என்றால் உங்கள் தட்டில் பி12 என்பதே இல்லை. அது விலங்கு உணவில்தான் இயல்பாகக் கிடைக்கும்.

கூடவே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் சிலருக்குச் சிறுகுடலின் உட்சுவரையே சேதப்படுத்தும். காரணம் தெரியாத ரத்தசோகை, உப்புசம், எடை குறைவதாக அது வெளிப்படும். சிக்கல் என்னவென்றால், கோதுமையை விட்டுப் பல மாதமான பிறகு பரிசோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். ஆகவே மருத்துவரோடு பேசிவிட்டு, சில வாரம் கோதுமை சாப்பிட்டபடி பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் வயிறு உப்பினால் உடனே ‘பார்த்தீர்களா, குளூட்டன்தான்’ என்று எழுதிவிடாதீர்கள். கோதுமையில் ஃபிரக்டானும் இருக்கிறது. குளூட்டன் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய, சீலியாக் இல்லாத 59 பேருக்கு நார்வேயில் குளூட்டன், ஃபிரக்டான், வெறும் தின்பண்டம் என்று மாற்றி மாற்றி, எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகம் தொந்தரவு தந்தது ஃபிரக்டான்தான். எண்டோமெட்ரியோசிஸுக்குக் குளூட்டன் இல்லாத உணவு நல்லது என்று அடிக்கடி காட்டப்படும் 2012-ஆம் ஆண்டு ஆய்வில் 207 பெண்களில் 75 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே அதில் இல்லை.

முட்டையை ஏன் விட்டீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. அதில் ஃபாட்மேப் கிடையாது, எண்டோமெட்ரியோசிஸைக் கிளப்பும் என்பதற்குச் சான்றும் கிடையாது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், கூடவே பி12. உங்கள் ஒரு நாள் தாளில் புரதத்தைக் கூட்டினால் 30 கிராமை ஒட்டித்தான் வருகிறது. உங்களுக்குக் குறைந்தது 45 வேண்டும். சிவப்பு இறைச்சியைத் தினமும் தின்ன வேண்டாம். ஆனால் உங்கள் ஹீமோகுளோபினுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை அது மருந்து மாதிரி. கோழியும் சேர்க்கலாம். பால் விஷயத்தில் அதிலிருக்கும் லாக்டோஸ் என்கிற சர்க்கரைதான் சந்தேகம் என்றால் லாக்டோஸ் நீக்கிய பாலோ கெட்டியான சீஸோ இருக்கிறது. கால்சியத்தை விட்டுவிடாதீர்கள். இந்த நோய்க்குத் தரும் ஹார்மோன் சிகிச்சைகள் சிலவற்றில், முக்கியமாக ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் ஜி.என்.ஆர்.ஹெச். ஊசிகளில், எலும்பு அடர்த்தி குறையும். நாளைக்கு உங்களுக்கு அது தேவைப்பட்டால் எலும்பு தயாராக இருக்க வேண்டும். நாளுக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும், ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 இருக்கிறது.

சோயா பயம் ‘தாவர ஈஸ்ட்ரோஜன்’ என்கிற பெயரால் வந்தது. அது நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜனைவிட மிகப் பலவீனமானது. சாப்பாட்டு அளவில் சோயா பனீர் சாப்பிடலாம். அந்தத் தாவர ஈஸ்ட்ரோஜனைச் செறிவாக அடைத்த ஐசோஃப்ளேவோன் மாத்திரைகளைத்தான் தொட வேண்டாம். காப்பி ஒரு கோப்பை குடியுங்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. ஆரஞ்சு மாதிரி வைட்டமின் சி உள்ளதைச் சாப்பாட்டோடு சேர்த்தால் நன்றாக உறிஞ்சும். மீன் ஆகாதவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த ஒமேகா-3 மாத்திரை கிடைக்கிறது. வால்நட், ஆளிவிதையில் இருப்பது வேறு வகை. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மாற்றிக்கொள்ளும், இருந்தாலும் நல்லதே. மது பற்றி நீங்கள் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் குறையுங்கள். நான் மேலே சொன்ன கருத்துக்கணிப்பில் பலருக்குப் பலன் தந்த மாற்றங்களில் அதுதான் முதலில் நின்றது.

நானும் ஒரு காலத்தில் இந்த வீடியோக்காரர்களைப் போலத்தான் இருந்தேன். வேலைக்கு வந்த புதிதில் எண்டோமெட்ரியோசிஸ் என்று யார் வந்தாலும் இரண்டு பக்கத் தடைப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுப்பேன். ஒரு பெண் அதை அப்படியே பின்பற்றி, மூன்று மாதம் கழித்து வந்து, “வலி பரவாயில்லை மேடம், ஆனால் யார் வீட்டுக்கும் சாப்பிடப் போவதில்லை, சாப்பாட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது” என்றார். அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். கடைசியில் அவருக்கு ஒத்துக்கொள்ளாதது பச்சை வெங்காயமும் அதிக அளவு பாலும் மட்டும். இரண்டு பக்கப் பட்டியலில் இரண்டு வரி! அந்தத் தாளை அதற்குப் பிறகு நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

நீங்களும் அப்படித்தான் செய்யப் போகிறீர்கள். ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, வலி 10-க்கு எத்தனை, உப்புசம் 10-க்கு எத்தனை, மலம் எப்படிப் போனது. தூக்கத்தையும் ரத்தம் திட்டாகப் பட்ட நாளையும் குறித்துவையுங்கள். இல்லையென்றால், இரண்டு மணிநேரம் தூக்கம் குறைந்த நாளின் வலியைப் போன வேளை சாப்பாட்டின் மேல் போட்டுவிடுவோம். முதல் இரண்டு வாரம் மேலே சொன்ன மாற்றங்களோடும் முட்டையோடும் போகட்டும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு பொருள். உதாரணத்துக்குப் பால்: முதல் நாள் கால் டம்ளர், இரண்டாம் நாள் அரை, மூன்றாம் நாள் முழுசு, மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். மூன்று நாள் விட்டு அடுத்தது. அரை டம்ளரில் ஒன்றுமில்லை, முழு டம்ளரில் உப்புகிறது என்றால் உங்கள் அளவு அரை டம்ளர். பால் ஆகாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கோதுமையின் முறை மருத்துவர் பரிசோதனைக்குச் சொல்வதைப் பொறுத்தது. அவர் உடனே ஆரம்பிக்கச் சொன்னால் அதையே முதலில் வைத்து, மற்றவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

மாத்திரை விஷயம். கட்டி எடுத்த பிறகு ஹார்மோன் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடச் சொல்வதற்குக் காரணம், திரும்பக் கட்டி வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. வலி 5 ஆனதில் அதன் பங்கு எவ்வளவு என்பது நிறுத்தினால்தான் தெரியும். அப்படித் தெரிந்துகொள்வது உங்களுக்கு லாபமில்லை. அது ஒத்துக்கொள்ளவில்லை, மனம் சோர்கிறது, முடி கொட்டுகிறது என்றெல்லாம் இருந்தால் வேறு மருந்து கேளுங்கள், அது உங்கள் உரிமை. மூலிகை மாத்திரை எதையாவது கூடவே சாப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாதிரி சில மூலிகைகள் டைனோஜெஸ்ட்டைக் கல்லீரல் வேகமாக வெளியேற்றும்படி செய்து அதன் பலனைக் குறைத்துவிடும்.

மலத்தில் ரத்தம், விலாப்புறம் தொடர்ந்து வலி, வாந்தியோடு வயிறு இறுகி மலமும் காற்றும் போகாமல் நிற்பது, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, இவற்றில் ஏதாவது வந்தால் நோட்டை மூடிவைத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ நோய் பரவியிருந்தால் அதைச் சாப்பாட்டில் தேடக் கூடாது.

நாளைக் காலை அந்தத் தேன் தண்ணீருக்கும் பச்சைப் பூண்டுக்கும் பதிலாக இரண்டு வேகவைத்த முட்டை, ஒரு ஆரஞ்சு. இந்த வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை. ஆறு வாரம் கழித்து நோட்டின் பக்கங்களையும் அன்றைய எடையையும் ரத்தப் பரிசோதனை எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எடை இன்னும் இறங்கினால் மட்டும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் உடனே போங்கள்.